காலை 11 முதல் மாலை 4 வரை: கோடை லீவில் பிள்ளைகளைச் சமாளிக்க ஒரு வழிகாட்டி

2024 கோடையில் நான் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். வீடு மதுரையில், ஐயர் பங்களா பக்கம். மகள் அப்போது நாலாம் வகுப்பு, மகன் ஒன்றாம் வகுப்பு. பரீட்சை அட்டவணை கைக்கு வந்த பிறகுதான் "லீவுக்கு என்ன பண்றது" என்ற பேச்சே வீட்டில் எழுந்தது. அதற்குள் சென்னையில் அத்தை வீட்டுக்குப் போகும் ரயிலெல்லாம் வெயிட்டிங் லிஸ்ட். அவசரத்தில் பக்கத்தில் ஒரு சம்மர் கேம்ப்பில் ஆளுக்கு 4,500 ரூபாய் கட்டினோம். இரண்டாவது வாரம் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். இருபது பிள்ளைகளை ஓர் அறையில் உட்காரவைத்து ப்ரொஜெக்டரில் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. மே முடியும்போது எனக்கு மிச்சமிருந்த சி.எல். (தற்செயல் விடுப்பு) ஒன்றே ஒன்று.

2025-லும் அதே பிள்ளைகள், அதே வேலைதான். ஆனால் நான் போட்ட லீவு நாலு நாள். கேம்ப் என்று செலவழித்தது ஆயிரத்துச் சொச்சம். மாறியது ஒரே ஒரு கணக்குதான். நாற்பது நாளையும் எப்படி நிரப்புவது என்று மலைத்துக்கொண்டிருந்ததை விட்டேன். காலையில் சைக்கிள், தெருக் கிரிக்கெட், பல் தேய்க்க ஒரு மணி நேரம் என்று அவர்களாகவே ஓட்டிவிடுகிறார்கள். நாலு மணிக்கு மேலும் அப்படித்தான். இடிக்கிற நேரம் காலை 11 முதல் மாலை 4 வரை. கத்திரி வெயிலில் வெளியே விட முடியாது. நாமும் வீட்டில் இருக்கமாட்டோம். அந்த ஐந்து மணி நேரத்துக்கு வழி பண்ணிவிட்டால் லீவு கழிந்துவிடும். கீழே உள்ளதெல்லாம் அதற்காகத்தான். எந்த மாதத்தில் எதைச் செய்யவேண்டுமோ அந்த வரிசையில் எழுதியிருக்கிறேன்.

1. பிப்ரவரி: முதலில் ஒரு காலண்டர்

தினசரிக் காலண்டர் வேண்டாம். மாதம் முழுக்க ஒரே தாளில் தெரிகிற காலண்டரில் ஏப்ரல், மே, ஜூன் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் குறிக்கவேண்டியவை: பரீட்சை முடியும் நாள் (பள்ளியில் கேட்டால் உத்தேசமாகவாவது சொல்வார்கள்), உங்கள் இருவரின் லீவு இருப்பு, ஷிப்ட் வேலை என்றால் அதன் சுற்று, ஊரில் இருக்கும் பெரியவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய தேதிகள். இந்தக் கடைசி விஷயத்தை யாரும் யோசிப்பதில்லை. அம்மாச்சிக்குக் கண் ஆபரேஷன் என்று வைத்திருக்கும் வாரத்தில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுவோம்.

மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளுக்குச் சுமாராக ஏப்ரல் மூன்றாவது வாரத்திலிருந்து ஜூன் முதல் வாரம் வரை லீவு. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் புது வகுப்பை ஏப்ரலிலேயே தொடங்கிவிட்டு மே மாதம்தான் லீவு விடுவது வழக்கம். ஒரு பிள்ளை இங்கே, ஒரு பிள்ளை அங்கே என்றால் இரண்டு கோடு போட்டுப் பாருங்கள். இரண்டும் சேரும் நாட்கள் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும்.

திறக்கும் தேதியை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். 2023-ல் வெயிலைக் காரணம் காட்டித் தள்ளித் தள்ளி, 6 முதல் 12 வரை ஜூன் 12, சின்ன வகுப்புகளுக்கு ஜூன் 14 என்று திறந்தார்கள். 2024-ல் ஜூன் 6 என்று அறிவித்து ஜூன் 10-க்குப் போனது. 2025-ல் ஜூன் 2. ஆகவே ஜூன் முதல் வாரத்துக்கென்று உங்கள் லீவில் இரண்டு நாளாவது தொடாமல் வைத்திருங்கள்.

மதுரைக்காரர்கள் இன்னொன்றையும் குறிக்கவேண்டும். அழகர் ஆற்றில் இறங்கியது 2024-ல் ஏப்ரல் 23, 2025-ல் மே 12. பௌர்ணமியை ஒட்டி வருவதால் வருடா வருடம் மாறும். அந்த இரண்டு மூன்று நாளும் பஸ் எல்லாம் வேறு பாதையில் போகும், எந்த வகுப்பும் ஒழுங்காக நடக்காது. திருவிழாவுக்குக் கூட்டிப்போகிறீர்கள் என்றால் பேனாவால் பிள்ளையின் முழங்கையில் உங்கள் போன் நம்பரை எழுதிவிடுங்கள். சட்டைப்பையில் சீட்டு வைத்தால் தண்ணீர் பீய்ச்சுவதில் நனைந்து கூழாகிவிடும்.

2. பிப்ரவரி கடைசி: டிக்கெட்

ரயிலில் இப்போது 60 நாள் முன்பாகத்தான் பதிவு திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் 120 நாளாக இருந்தது. பழைய நினைப்பில் இருப்பவர்கள் குழம்புகிறார்கள். பயணம் செய்யும் நாளைச் சேர்க்காமல் எண்ணவேண்டும். ஏப்ரல் 27 கிளம்பவேண்டும் என்றால் பிப்ரவரி 26 காலை 8 மணிக்குத் திறக்கும். மே 31 திரும்ப வேண்டுமென்றால் ஏப்ரல் 1. போகிற டிக்கெட்டை எடுத்துவிட்ட நிம்மதியில் திரும்புகிற டிக்கெட்டை மறப்பதுதான் வழக்கமான தவறு. மே கடைசி ஞாயிறு ஊரே திரும்பும். அந்தத் தேதிக்கு அலாரம் வையுங்கள்.

ஐஆர்சிடிசி கணக்கை ஆதாரோடு இணைத்துச் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அது இல்லாமல் ஆன்லைனில் தட்கல் எடுக்க முடியாது. முன்பதிவு திறக்கிற முதல் நாளிலும் தொடக்க நேரத்தில் உள்ளே விடமாட்டார்கள். அன்று காலை 7.55-க்கு ஓ.டி.பி. வரவில்லை என்று போனைக் குலுக்கிப் பிரயோஜனமில்லை.

பிள்ளைகளுக்கான கட்டணத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. 5 வயதுக்குள் என்றால் தனி இடம் கேட்காதவரை டிக்கெட் வேண்டாம். 5 நிரம்பி 12 ஆகாத பிள்ளைக்கு பெர்த் வேண்டாம் என்று சொன்னால் அரைக் கட்டணம். பெர்த் வேண்டும் என்றால் பெரியவர்களுக்குரிய முழுக் கட்டணம். இதெல்லாம் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி. போன்றவற்றுக்குத்தான். உட்கார்ந்து போகும் சேர் கார், இரண்டாம் வகுப்பு இருக்கைகளில் அந்த அரைக் கட்டண வசதி கிடையாது. தேஜஸிலும் வந்தே பாரத்திலும் ஏழு வயது மகனுக்கும் முழுக் காசுதான். நாலு பேர் போய்வர எவ்வளவு வித்தியாசம் என்று கூட்டிப் பார்த்த பிறகு நாங்கள் ராத்திரி ஸ்லீப்பருக்கே மாறிக்கொண்டோம். மூன்று பெர்த், ஓர் அரை டிக்கெட். மகன் என் காலடியில் தூங்கினான்.

அரசு பஸ்ஸில் 5 வயது வரை டிக்கெட் இல்லை, 12 வரை அரை டிக்கெட். பிறந்த தேதி தெரிகிற ஏதாவது ஒரு சான்றின் படம் போனில் இருக்கட்டும். வயதுக்கு மீறி வளர்ந்த பிள்ளை என்றால் கண்டக்டரிடம் தர்க்கம் வரும்.

3. மார்ச்: ஒரு கவர் ஆவணம்

ஒரு பிளாஸ்டிக் கவரில் இவற்றைப் போட்டு வையுங்கள்: பிள்ளையின் ஆதார் நகல் நாலு, பிறப்புச் சான்றிதழ் நகல் இரண்டு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எட்டு, ரத்தப் பிரிவு, ஏதேனும் அலர்ஜி இருந்தால் ஒரு தாளில் எழுதி, பெற்றோர் இருவரின் ஆதார் நகல். நீச்சல் வகுப்பு, விளையாட்டுப் பயிற்சி, நூலக உறுப்பினர் அட்டை என்று எல்லா இடத்திலும் இவற்றைத்தான் மாற்றி மாற்றிக் கேட்பார்கள். எட்டு போட்டோ அதிகம் என்று தோன்றும். எனக்குப் பத்தவில்லை.

லீவிலேயே முடித்துவிடவேண்டிய வேலைகள் இரண்டு உண்டு. பிள்ளை நேரில் வரவேண்டும் என்பதால் பள்ளி நாளில் செய்தால் அவர்களுக்கும் லீவு, நமக்கும் லீவு.

ஒன்று, ஆதார் புதுப்பிப்பு. பிள்ளைக்கு 5 வயது ஆனதும் ஒரு முறை, 15 ஆனதும் ஒரு முறை கைரேகையும் கருவிழியும் பதியவேண்டும். 5-லிருந்து 7, 15-லிருந்து 17 வயதுக்குள் செய்தால் கட்டணமில்லை. மே முதல் வாரத்தில் போய்விடுங்கள். பிளஸ் டூ முடிவு வந்த பிறகு கல்லூரிச் சேர்க்கைக்காரர்கள் கூட்டம் மையங்களை அடைத்துவிடும். மகளுக்கு மருதாணி வைத்த கையோடு கூட்டிப்போகாதீர்கள். ரேகை விழாமல் மூன்று முறை திரும்பத் திரும்ப வைக்கச் சொன்னார்கள்.

இரண்டு, அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு. 10 வயது நிரம்பிய பிள்ளை தன் பெயரில் தானே கையெழுத்துப் போட்டு நடத்தலாம். குறைந்தபட்சம் 500 ரூபாய். பிறப்புச் சான்றிதழ், இருவரின் ஆதார், போட்டோ. மகளுக்கு இதைத்தான் செய்தோம். முந்தின நாள் சாயங்காலம் ஒரு முழு ரஃப் நோட்டுப் பக்கம் கையெழுத்துப் பழகினாள். கவுண்டரில் நின்றபோது "இனிமே எப்பவும் இதே மாதிரிதான் போடணும் பாப்பா" என்று அந்த அம்மா சொன்னதும் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். மூன்று இடத்தில் போட்டாள். மூன்றும் மூன்று மாதிரி. திரும்பவும் முதலிலிருந்து ஒரு படிவம். போய்வந்ததில் ஒரு முழு முற்பகல் கழிந்தது, அதன்பின் லீவு முழுக்க ஐந்தும் பத்துமாகச் சேர்த்துப் போடுவதற்கு ஒரு காரணமும் கிடைத்தது.

4. மார்ச் கடைசி: ஐந்து வீட்டு முறை

இதுதான் எங்களைக் காப்பாற்றியது, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தெருவிலும் பள்ளியிலுமாக நன்றாகத் தெரிந்த ஐந்து குடும்பம் சேர்ந்தோம். மொத்தம் ஒன்பது பிள்ளைகள். திங்கள் ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு என்று முறை. காலை 10.30-க்கு விடவேண்டும், 4.30-க்குள் கூட்டிப்போகவேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் தங்கள் முறைக்கு ஒரு நாள் லீவு போடவேண்டும். ஊருக்குப் போகும் வாரங்களைக் கழித்தால் முறை நடந்தது நாலு வாரம். அதாவது ஒரு குடும்பத்துக்கு நாலு நாள்; கணவன் மனைவி பிரித்துக்கொண்டால் ஆளுக்கு இரண்டு. என்னுடைய மற்ற இரண்டு நாள் ஆதாருக்கும் அஞ்சலகத்துக்கும் போனது.

கேட்க எளிது. நடத்த விதிகள் வேண்டும். நாங்கள் ஒரு அட்டையில் எழுதி ஐந்து வீட்டு பிரிட்ஜிலும் ஒட்டினோம்.

சாப்பாடு அவரவர் டிபன் பாக்ஸில் வரவேண்டும். இதை விட்டுக்கொடுக்காதீர்கள். முதல் வாரமே யாராவது ஒருவர் பெருந்தன்மையாகப் பூரிக் கிழங்கு போட்டுவிட்டால் அடுத்த வீட்டுக்காரர் பிரியாணிக்குப் போவார், மூன்றாவது வீட்டுக்காரர் முறையை விட்டே கழன்றுகொள்வார். முறைக்காரர் தரவேண்டியது குடிநீரும் ஒரு வேளை மோரும் மட்டும். பன்னிரண்டரைக்கு ஒன்பது டப்பாவும் ஒரே நேரத்தில் திறக்கும்போது நடக்கிற பண்டமாற்றைப் பார்க்கவேண்டும். வீட்டில் தொடாத பீட்ரூட் பொரியலை என் மகன் அடுத்த வீட்டு டப்பாவிலிருந்து வாங்கிச் சாப்பிட்டான்.

மொட்டை மாடிக் கதவு பூட்டியிருக்கவேண்டும், சாவி பெரியவர் கையில். தண்ணீர்த் தொட்டி மூடி, கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டர் இரண்டையும் காலையிலேயே பார்த்துவிடவேண்டும். பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பக்கூடாது. விளையாடுகிற அறைக்கதவைச் சாத்தக்கூடாது. முறை நாளில் வீட்டுக்கு வேறு விருந்தாளி வருவதானால் முன்கூட்டியே குழுவில் சொல்லவேண்டும். இது கேட்கக் கூச்சமான விஷயம்தான், ஆனாலும் முதல் நாளே பேசிவிடுங்கள். எந்தத் தொடுகை சரியில்லை, யாரிடம் சொல்லவேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098 எதற்கு என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்த பிறகே முறை தொடங்கவேண்டும்.

போன், டி.வி. மதியம் ஒரு மணி நேரம் மட்டும். எல்லா வீட்டிலும் ஒரே விதியாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் "அவங்க வீட்ல விடுறாங்க" என்று நமக்கே பாடம் எடுப்பார்கள்.

முறையை மாற்றவேண்டுமானால் மாற்று ஆளை நீங்களே பேசிப் பிடித்து, முந்தின இரவு 8 மணிக்குள் வாட்ஸாப் குழுவில் போடவேண்டும். காலையில் "அவசர மீட்டிங்" என்பது ஒரு முறை மன்னிக்கப்படும்.

நாங்கள் செய்த தவறையும் சொல்லவேண்டும். ஐவரில் ஒரு அக்கா வேலைக்குப் போவதில்லை. "நீங்க வீட்லதானே இருக்கீங்க" என்று சொல்லி முதல் வாரம் மூன்று நாள் அவர் தலையிலேயே விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை முகத்தில் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டு அட்டையில் புதிதாக ஒரு வரி சேர்த்தோம்: எல்லா வீட்டுக்கும் வாரத்தில் ஒரே நாள். நீங்கள் அதை முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்து குடும்பம் சேராவிட்டால் மூன்று போதும். மீதி இரண்டு நாளுக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற டீச்சர் யாராவது இருந்தால் பேசிப் பாருங்கள். அவர்களுக்குக் காசு கொடுத்துவிடுங்கள். அன்பளிப்பு, புடவை என்று இழுக்கவேண்டாம்.

5. ஏப்ரல்: கேம்ப்பில் சேர்ப்பதானால்

தனியார் கேம்ப் எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன். பணம் கட்டுவதற்கு முன் நான் கேட்காமல் விட்டதை நீங்கள் கேளுங்கள். ஒரு ஆசிரியருக்கு எத்தனை பிள்ளை? தினசரி அட்டவணை தாளில் தருவார்களா? நடுவில் சொல்லாமல் வந்து பார்க்கலாமா? கழிப்பறை எங்கே, பெண் பிள்ளைகளுக்குத் தனியா? மின்சாரம் போனால் என்ன செய்வார்கள்? பொருட்கள், டி-சர்ட், சான்றிதழ், நிறைவு விழா உடை எல்லாம் கட்டணத்துக்குள் அடங்குமா? எனக்கு 4,500 என்று சொன்னது, கடைசியில் ஆளுக்கு 5,700 ஆனது. விழாவுக்குத் தேனீ வேஷம் 700, மீதி 'மெட்டீரியல்'. அந்தத் தேனீ இறக்கை இன்னும் பரண்மேல் கிடக்கிறது.

பணத்தை இரண்டு தவணையாகக் கட்டக் கேளுங்கள். முடியாது என்றால் முதல் மூன்று நாளுக்குள் நிறுத்தினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது மே மாதம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. இரண்டு மணி நேர கேம்ப் என்றால் நம் பிரச்சினைக்கு அதனால் பயனில்லை என்பதையும் பாருங்கள். பத்து மணிக்கு முடிந்தால் பத்தேகாலுக்குக் கூட்டிவர யார் இருக்கிறார்கள்?

அதைவிட நான் சிபாரிசு செய்வது அரசு நடத்துவதை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஒவ்வொரு மாவட்டத்திலும் கோடைக்காலப் பயிற்சி முகாம் நடத்துகிறது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. தடகளம், கால்பந்து, ஹாக்கி, வாலிபால் என்று. இரண்டு மூன்று வாரம், காலையும் மாலையும். மதுரையில் ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கம். கட்டணம் சில நூறைத் தாண்டுவதில்லை, ஆதார் நகல் கேட்பார்கள். அறிவிப்பு ஏப்ரலில் நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் சின்னதாக வரும்; கண்ணில் படாமல் போய்விடும். ஏப்ரல் பத்தாம் தேதி வாக்கில் நேரில் போய் அறிவிப்புப் பலகையைப் பார்ப்பது நல்லது. நீச்சல் பழக்கும் வகுப்பும் தனித்தனிப் பிரிவுகளாக நடக்கும், முதல் பிரிவிலேயே சேர்த்துவிடுங்கள். மே நடுவில் குளத்தில் தலைகள்தான் தெரியும், தண்ணீர் தெரியாது.

ஓவியம், பாட்டு, பரதம், சிலம்பம் என்றால் கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது. 5 முதல் 16 வயது வரை. வருடம் முழுக்க வார இறுதி வகுப்பு நடக்கும் என்பதால் லீவில் பிடித்துப்போனால் ஜூனிலும் தொடரலாம்.

6. நூலகம்

புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் திறந்ததிலிருந்து எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு, உட்கார்ந்து படிக்கக் காசு கிடையாது. சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். பிள்ளைகளை மட்டும் இறக்கிவிட்டுப் போகும் இடமல்ல. கூட ஒரு பெரியவர் இருந்தாகவேண்டும். ஐந்து வீட்டு முறையில் புதன்கிழமைக்காரர் எல்லோரையும் இங்கே கூட்டிப்போய்விடுவார். இரண்டு ஆட்டோ, அல்லது டவுன் பஸ். சாதாரணக் கட்டண பஸ் என்றால் பெண்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் டிக்கெட் இல்லை. ஏ.சி. குளிருக்கு ஒரு முழுக்கைச் சட்டை எடுத்துப் போங்கள், கேலியாகத் தோன்றினாலும்.

வீட்டுக்குப் புத்தகம் எடுத்துவர, பக்கத்துக் கிளை நூலகத்தில் உறுப்பினராகிவிடுங்கள். காப்புத் தொகை, சந்தா இரண்டும் ஒரு சினிமா டிக்கெட்டைவிடக் குறைவு. பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை; நாங்கள் முதல் தடவை போனது வெள்ளிக்கிழமை.

7. அம்மாச்சி வீடு

பத்து நாள். அதற்குமேல் வேண்டாம். பிள்ளைகள் சலித்துக்கொள்வதைவிட முன்னதாகவே பெரியவர்கள் களைத்துவிடுகிறார்கள், சொல்லமாட்டார்கள். போகும்போது ஒரு சிலிண்டர் காசும், பால், காய்கறிக்கும் சேர்த்து அம்மா கையில் கொடுத்துவிடுங்கள். "எம்பேரப்பிள்ளைகளுக்குக் காசா?" என்று கோபம் வரும். அஞ்சறைப் பெட்டியில் வைத்துவிட்டு வாருங்கள்.

கிணறு, கண்மாய், கல்குவாரிக் குட்டை. ஒவ்வொரு மே மாதமும் லீவுக்கு ஊருக்குப் போன பிள்ளை என்று பேப்பரில் செய்தி வருகிறது. நீச்சல் தெரியும் என்பது இங்கே பாதுகாப்பு ஆகாது. நீச்சல் குளத்தில் பழகியவனுக்குச் சேறும் படிக்கட்டில்லாத ஆழமும் தெரியாது. தாத்தா கூட வந்தாலும் கரையோடு நிற்கவேண்டும் என்று தாத்தாவிடமும் சேர்த்துச் சொல்லுங்கள். பெரியவர்களின் மாத்திரை டப்பா எட்டாத உயரத்தில் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

8. வீட்டில் இருக்கும் நாள்

நம் முறை வரும் நாளில் ஒன்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மணிக்கு ஒரு நிகழ்ச்சி என்று போட்டால் பதினொன்றேகாலுக்கே சரக்கு தீர்ந்துவிடும். ஒரு பெரிய வேலை, இரண்டு ஆட்டம், ஒரு தூக்கம் போதும்.

ஆட்டத்துக்குத் தாயக்கட்டம், பரமபதம், பல்லாங்குழி, கேரம் போர்டு. ஆடுபுலி ஆட்டத்துக்குச் சாக்பீஸில் தரையில் கோடு போட்டால் ஆயிற்று. புளியங்கொட்டை மூன்று, கல் பதினைந்து. வெறுமே இருக்கிற நேரத்தையும் விட்டுவையுங்கள். "போரடிக்குதும்மா" என்றால் உடனே ஓடாதீர்கள். அரை மணி நேரத்தில் தலையணை உறையில் ஏதாவது பஸ் உருவாகிவிடும்.

பெரிய வேலைக்கு என் யோசனை வடகம். முந்தின ராத்திரி ஒரு கிலோ ஜவ்வரிசியை ஊறப்போட்டு, விடிகாலையில் உப்பும் பச்சைமிளகாய் விழுதும் சேர்த்துக் கண்ணாடிபோல் ஆகும்வரை நாமே காய்ச்சி ஆறவைத்துவிடவேண்டும். அடுப்புப் பக்கம் பிள்ளைகள் வரக்கூடாது. அன்று மட்டும் பிள்ளைகளைச் சீக்கிரமே வரச் சொல்லிவிடுங்கள். ஆறியதும் எலுமிச்சம்பழம் பிழிந்து, ஏழு மணிக்கு முன் மொட்டை மாடியில் பழைய வேட்டியை நனைத்து விரித்து ஆளுக்கொரு கரண்டி. முதல் இரண்டு வரிசை ஒரே அளவாக வட்ட வட்டமாக வரும். மூன்றாவது வரிசையிலிருந்து பிறை, மீன், அவரவர் இனிஷியல். என் மகன் தன் பெயர் முழுவதையும் எழுதிவிட்டு, வேறு யாரும் அதைப் பொரிக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கினான். எட்டு மணிக்கு மாடியைப் பூட்டிவிடலாம். காக்கைக்குக் கறுப்புத் துணி கட்டிய குச்சி. ஜன்னல் வழியாக எண்ணிக் காவல் காப்பது அவர்கள் வேலை, அதிலேயே பதினொரு மணி வந்துவிடும். மறுநாள் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரிக்கும்போது பாதி உடையும். உடைந்ததைப் பச்சையாகவே தின்பார்கள், பரவாயில்லை.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து பல மணி நேரம் மின்தடை அறிவிப்பார்கள். அது உங்கள் முறை நாளில் விழுகிறதா என்று முந்தின நாள் பேப்பரில் பார்த்து, விழுந்தால் முறையை மாற்றுங்கள். ஒன்பது பிள்ளை, மின்விசிறி இல்லை, மே மாதம்: ஒரு முறை அனுபவித்தேன். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலு வீட்டில் இருக்கட்டும். பிள்ளை விளையாடுவதை நிறுத்திவிட்டுச் சுருண்டு படுத்து, உடம்பு கொதித்தால் காத்திருக்காமல் 108.

9. ஒரு நாள் மலை

கொடைக்கானல், ஊட்டிக்குச் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போவதானால் இ-பாஸ் கட்டாயம். 2024 மே 7-லிருந்து உயர்நீதிமன்ற உத்தரவு. 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறு 6,000 என்று வரம்பும் வந்தது. பாஸுக்குக் காசில்லை, அரசின் இ-பாஸ் தளத்தில் வண்டி எண்ணும் ஆட்களின் எண்ணிக்கையும் கொடுத்தால் போதும். காசு கேட்கும் தளம் கண்ணில் பட்டால் அது போலி. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. நாங்கள் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் போய்விட்டு இரவே திரும்பினோம். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் எடுத்துப்போங்கள், பிளாஸ்டிக்கைச் சோதனைச் சாவடியில் பிடிப்பார்கள்.

10. மே கடைசி வாரம்

தூக்கத்தைத் தினம் கால் மணி நேரம் முன்னுக்கு இழுங்கள். வேன்காரருக்குப் போன் போட்டு நேரத்தையும் புதுக் கட்டணத்தையும் கேட்டுவிடுங்கள். ஜூன் முதல் நாள் காலையில் கேட்டால் அவர் சொல்வதுதான் கட்டணம். சீருடை தைக்கக் கொடுப்பதை மே 15-க்குள் முடியுங்கள், அதன்பின் எந்த டெய்லரும் தேதி சொல்லமாட்டார்.

ஷூ மட்டும் கடைசி வாரம் வரை வாங்காதீர்கள். ஏப்ரலில் தள்ளுபடி என்று மகனுக்கு வாங்கி வைத்தது ஜூனில் குதிகாலுக்கு மேல் ஏறவில்லை. கடைக்காரர் மாற்றித் தரமாட்டேன் என்றுவிட்டார். வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் மகன் அதைத்தான் இப்போது போட்டுக்கொண்டு போகிறான்.